தொட்டிலுக்குப் பின்னால் இருந்த மெஷின்

மெஷின் சுற்றாமல் உறுமியது. அந்த நாட்களை நினைத்தால் முதலில் காதுக்கு வருவது அந்தச் சத்தம்தான். மஸ்கெலியாவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பரா. ஆடி மாதத்து மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலை. ஆயாக்கா ஈரத்துணிகளை மெஷினில் பிழியும் பக்கத்துத் தொட்டிக்குள் அடுக்கி, மூடியை அமுக்கி, திருகியைத் திருப்பினார். வழக்கமாக முதலில் ஒரு குலுக்குக் குலுக்கும், பிறகு வேகம் பிடிக்கும், கடைசியில் ஒரே சீராக இரையும். அன்றைக்கு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. ஆயாக்கா அதை நிறுத்தினார், மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தொட்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி திருகினார், மறுபடி உறுமல். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளில் ஒன்று விழித்து அழத் தொடங்கியது. "டீச்சர், இதுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவர் சொன்ன விதத்தில், யாருக்கோ காய்ச்சல் கண்டுவிட்டதோ என்றுதான் நான் எழுந்து ஓடினேன்.

வாசலில் தொங்கிய பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம், அதனால் அது பிள்ளைக்காம்பரா. நான் அங்கே பொறுப்பாக இருந்தேன். எனக்கும் ஒரு நீளமான பதவிப் பெயர் உண்டு, அதுவும் பலகையோடு சரி, எல்லோருக்கும் நான் டீச்சர். பிள்ளைகளைத் தூக்குவது, கழுவுவது, பால் காய்ச்சுவது, துணி துவைப்பது எல்லாம் ஆயாக்கா. பிள்ளைகள் ஆயா என்றும் தாய்மார் அக்கா என்றும் கூப்பிட, இரண்டும் சேர்ந்து அப்படி ஆகிவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குள்ளம், நல்ல பலம், வாய் அதைவிடப் பலம். ஒரே நேரத்தில் இடுப்பில் ஒரு பிள்ளையும் காலில் ஒரு பிள்ளையும் வைத்துக்கொண்டு மூன்றாவது பிள்ளையின் தாயோடு சண்டை போடக்கூடியவர். என்னோடும் சண்டை போட்டிருக்கிறார். அடுத்த பிளேன்டீ குடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.

அந்த மெஷின் எங்களுக்கு வந்ததே பழசாகத்தான். துரை பங்களாவுக்குப் புதிது வந்தபோது அங்கே இருந்தது எங்களுக்கு இறங்கியது. இரண்டு தொட்டி உள்ள மெஷின்: ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். மலைத்தண்ணீர் விழும் பீலியில் இருந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றவேண்டும், துவைத்ததை நாமே தூக்கி மறுபக்கம் போடவேண்டும். துவைக்கும் பக்கத்தை ஆயாக்கா அவ்வளவாக மதிக்கவில்லை. கைக்கு வேலை இருந்தால்தான் அவருக்கு அழுக்குப் போனதாகத் தோன்றும். பிழியும் பக்கம்தான் அவருக்கு உயிர். எங்கள் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் சூரியனை நம்ப முடியாது. காலையில் போட்ட துணி மறுநாள் எடுக்கும்போது முதல்நாளைவிட ஈரமாக இருக்கும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து அதில் குடியிருந்துவிட்டுப் போகும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார்கள். துணி காய்வதற்குள் புகை ஏறி, பிள்ளை உடம்பில் கட்டினால் பிள்ளை இருமும். இந்த மெஷின் பிழிந்து கொடுத்தால் பாதிக்குமேல் காய்ந்த மாதிரி. அதை எங்கள் பால் அடுப்புக்குப் பக்கத்தில், மிலாறு என்கிற தேயிலைக் குச்சித் தணலின் சூட்டில் கொஞ்ச நேரம் விரித்தால் போதும். பிள்ளைகளின் இடுப்புத்துணி எல்லாம் மொறுமொறுவென்று மடித்து அலுமாரியில் ஏறிவிடும். ஆயுத பூசைக்கு அந்த மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததும் அவர்தான். அந்தக் குங்குமம் பல மாதங்கள் மூடியின் மேலேயே இருந்தது; துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

உறுமிய அன்று எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தோம். பிளக்கைக் கழற்றி மாட்டினோம். மெஷினை முன்னும் பின்னும் ஆட்டினோம். நான் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன், ஆயாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் சூடம் கொளுத்திச் சுற்றினார். நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க டீச்சர், கண்ணு பட்டிருக்கு" என்றார். கண் பட்டது யாருடையதாக இருந்தாலும் சூடம் வேலை செய்யவில்லை. மதியத்துக்குள் ஈரத்துணி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. கையால் முறுக்கிப் பிழிந்து பார்த்தோம். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் என் விரல்கள் சிறிது நேரத்தில் மரத்துப்போயின. மெஷின் வருவதற்கு முன்னால் ஆயாக்கா எத்தனையோ மழைக்காலம் இதைத்தான் செய்திருந்தார். கையால் பிழிந்த துணி அடுப்பங்கரைக்குப் போய் ஆவி விட்டதே ஒழியக் காயவில்லை.

இதில் யாருக்கு என்ன போயிற்று என்று கேட்கலாம். மலைக்குப் போகும் பெண்ணுக்கு முழுநாள் வேலை பதிந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. மதியத்தோடு திரும்பினால் அரைப் பேர். மதியம் பால் கொடுக்க வரும் தாய், பிள்ளை ஈரத்தில் கிடப்பதைப் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவாள், அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான். கடைசி லயத்தில் ஒரு தாய் இருந்தாள், முதல் பிள்ளைக்காரி. ஆண் பிள்ளை. நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தது. அவள் வேலைக்குத் திரும்பியே சில நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். மெஷின் நின்ற மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவள் மதியமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்படி அரைப் பேராகவே போவதானால் மழை விடும் வரைக்கும் கொழுந்துக்கு வரவே வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். அதை அவள் அழாமல் சொன்னாள். பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடி நின்று சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு ஆயாக்கா எனக்கு ஒன்று சொன்னார். அவரும் ஒரு காலத்தில் கொழுந்துக்குப் போனவர். அவருடைய மூத்த பெண் இதே காம்பராவில் கிடந்தபோது ஒரு மதியம் வந்து பார்த்தால் பிள்ளை நனைந்த துணியில் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உள்பாவாடையைக் கிழித்துச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். "அப்பதான் நெனச்சேன், இந்த வேலைக்கு நானே வரணும்னு" என்றார். அந்தப் பெண் வளர்ந்து, கலியாணம் முடித்து, கினிகத்தேனையில் நன்றாக இருக்கிறாள். இருந்தும் அதைச் சொல்லும்போது ஆயாக்காவின் கை தன் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

ஆபிசுக்குச் சொல்லி அனுப்பினோம். கண்டாக்கு ஐயா நேரே வந்தார். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரிகளில் அவர் கடுமையானவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கும் கொஞ்சம் சிரமப்படுவார். மெஷினைப் பார்த்தார், ஒருமுறை திருகினார், உறுமலைக் கேட்டார். இதைத் திருத்திப் பிரயோசனம் இல்லை, ஸ்டோருக்கு அனுப்புங்கள், புதிது வரும் என்றார். எனக்கு மகிழ்ச்சிதான். எப்போது வரும் என்று கேட்டேன். பழசு கணக்கில் கழிந்த பிறகு மேலிடத்துக்கு எழுதவேண்டும், வரும்போது வரும் என்றார். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி தேய்ந்துபோனால் அந்தத் தேய்ந்த கத்தியை ஸ்டோரில் கொடுத்தால்தான் புதுக் கத்தி. மண்வெட்டிக்கும் அப்படி, கூடைக்கும் அப்படி. கொடுத்த அன்றே கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பக்கத்து ஆளின் கத்தியை இரவல் வாங்கிக்கொண்டு நாளைக் கழிக்கவேண்டும். மெஷினை யாரிடம் இரவல் வாங்குவது? மறுநாள் காலை கொழுந்து லொறி வெறுமையாகப் போகும்போது ஏற்றிவிடலாம், இரண்டு ஆட்களை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கு ஐயா போனார். ஆயாக்கா மறுப்புச் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் போனபோது காம்பராவே இடம் மாறியிருந்தது. எங்கள் தொட்டில்கள் எல்லாம் உத்திரத்தில் கட்டிய சேலைகள்தான். வரிசையாக வடக்குப் பக்கத்தில் தொங்கும். அவற்றில் ஒன்றை மட்டும் ஆயாக்கா அவிழ்த்து மெஷின் இருந்த மூலைக்குக் கொண்டுபோய், சரியாக அதன் முகத்துக்கு நேரே கட்டியிருந்தார். அந்தப் பக்கம் பால் அடுப்பு, இந்தப் பக்கம் சுவர். தொட்டிலை அவிழ்க்காமல் மெஷினை வெளியே எடுக்க வழியே கிடையாது. தொட்டிலுக்குள் கடைசி லயத்துப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆயாக்கா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து ஒரு விரலால் ஆட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனையோடு. எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் வெளியே போய் வாளியைக் கழுவுவது போல நின்றுகொண்டேன், முகத்தில் வந்த சிரிப்பைக் காட்டாமல் இருக்க.

ஆட்கள் இரண்டு பேரோடு கண்டாக்கு ஐயாவும் வந்தார். பிள்ளை தூங்கும் தொட்டிலை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். எங்கள் சனத்தில் அது செய்யக்கூடாத காரியம். அந்த ஆட்கள் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்கள் வாசலைத் தாண்டவே இல்லை. கண்டாக்கு ஐயா உள்ளே வந்து தொட்டிலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஆயாக்காவைப் பார்த்தார். அவரையும் அறியாமல் குரல் தணிந்துவிட்டது. மலையில் நின்று அடுத்த மலைக்குக் கேட்கக் கத்துகிற மனிதர், இங்கே கிசுகிசுத்தார்.

"எப்ப எந்திரிக்கும்?"

"அது புள்ளைக்குத்தாங்க தெரியும்" என்றார் ஆயாக்கா.

கண்டாக்கு ஐயாவுக்குக் கோபம் வந்தது. கிசுகிசுத்துக்கொண்டே கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், பழசைக் கொடுக்காமல் புதிது கேட்டால் நாளைக்குக் கத்திக்காரனும் இதையே சொல்லுவான் என்றார். அதற்குப் பிறகு ஆயாக்கா எழுந்து நின்றார். தொட்டில் சேலையை விலக்கி, தூங்கும் பிள்ளையின் சட்டையை லேசாக உயர்த்தி, இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினார். அரணாக்கயிறு. பிறந்த பிள்ளைக்கு எல்லாம் கட்டுவது.

"ஐயா, இது இத்துப்போனாக்கூட புதுசக் கட்டிட்டுத்தாங்க பழச அறுக்குறோம். புள்ள இடுப்ப ஒரு நிமிசம் வெறுமனே விடமாட்டோம். உங்க வீட்லயும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. புதுசக் கொண்டாந்து இங்க பூட்டுங்க, இது ஓடுறத நான் பாக்கணும். பொறகு பழச நானே தூக்கி லொறியில வைக்கிறேன்."

கண்டாக்கு ஐயா பிள்ளையின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வருடம்தான் பேத்தி பிறந்திருந்தது என்பது ஆயாக்காவுக்கு நன்றாகத் தெரியும். குறி பார்த்துத்தான் அடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை லொறி வரும், அதற்குமேல் ஒரு நாளும் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கு ஐயா குடையை விரித்தார். வாசலில் நின்ற ஆட்கள் சந்தோஷமாகவே அவர் பின்னால் போனார்கள்.

கிடைத்த அவகாசத்தில் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. மஸ்கெலியா பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. மிக்சி, குக்கர், ரேடியோ, எல்லாம் திருத்துவார். கடை வாசலில் புது மெஷின்களையும் பெட்டியோடு அடுக்கி வைத்திருப்பார், தவணைக்கும் கொடுப்பார். அவரிடம் போனால் திருத்தமாட்டார், புதிதைத் தலையில் கட்டிவிடுவார் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரே எனக்குப் புத்தி சொன்னார். நான் போய் நிலைமையைச் சொன்னேன். மெஷின் எந்த வகை என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி இன்னும் ஓடுகிறதா என்று இரண்டு தரம் கேட்டார், பழைய கூட்டாளியின் பெயரைக் கேள்விப்பட்டது போல. வியாழக்கிழமை பகல் தன் ஆட்டோவிலேயே வந்து இறங்கினார். வாயும் கையும் சேர்ந்து வேலை செய்கிற மனிதர். மழை, ரோட்டின் குழி, இந்தக் காலத்து மெஷின்களின் மெல்லிய தகரம் என்று பேசிக்கொண்டே பின்பக்கத்து மூடியைக் கழற்றினார். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஆயாக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார்.

பிழியும் தொட்டியை வெளியே தூக்கியபோதுதான் நானாவின் பேச்சு நின்றது. அது சுற்றுகிற தண்டின் அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று, கை முட்டிப் பருமனுக்கு, இறுக்கமாகச் சுற்றிக்கிடந்தது.

"டீச்சர், இது யாருட தலைமயிர்?" என்றார்.

என் கண் தானாகப் பிள்ளைகளின் தலைகளுக்குப் போனது. பிள்ளைகள் உள்ள இடத்தில் மெஷினுக்குள் தலைமயிர் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? நானா குறட்டால் அதை இழுத்தார். நூல் நூலாக வந்தது. மயிர் இல்லை, முறுக்கிய கறுப்புக் கயிறு. துண்டு துண்டாக, ஒன்றோடொன்று பின்னி. நான் ஆயாக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். ஆயாக்காவின் கை ராசியான கை என்று தாய்மாருக்கு ஒரு நம்பிக்கை. மலையில் இருந்து இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளையின் அரணாக்கயிறு இறுக்கமானால் புதிதை வாங்கி அவரிடம் கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவர் புதிதைக் கட்டி, பழசை அறுத்துவிடுவார். அறுத்த கயிறு கால்படும் இடத்தில் கிடக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். ஆறு இருப்பது காம்பராவுக்குக் கீழே, சறுக்குகிற சரிவின் அடியில். மழைக்காலத்தில் வழியெல்லாம் அட்டை. பிள்ளைகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகவும் முடியாது. பார்த்தார் ஆயாக்கா. மெஷின் பிழியும்போது தண்ணீர் குழாய் வழியாக வெளியே பாய்கிறது, வெளியே வாய்க்கால் போல ஓடும் கானில் விழுகிறது, கான் ஆற்றுக்குப் போகிறது. ஓடுகிற தண்ணீர்தானே! மெஷின் வந்த நாளில் இருந்து ஒவ்வொரு கயிற்றையும் சாமியைக் கும்பிட்டு அதற்குள்தான் போட்டிருக்கிறார். ஒன்றும் ஆற்றுக்குப் போகவில்லை. தொட்டியின் துளைகள் வழியாக இறங்கி, தண்டில் சுற்றி, வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கின்றன.

"அது ஆத்துக்குப் போயிருச்சுன்னு இருந்தேன் நானா" என்றார் ஆயாக்கா, குற்றவாளிக் குரலில். நானா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய உம்மாவும் அவருக்குச் சின்ன வயதில் ஒரு கயிறு கட்டியிருந்தாராம், அது எந்த மெஷினுக்குள் இருக்கிறதோ என்றார். அதற்குப் பிறகு ஆயாக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். நாங்கள் மூன்று பேரும் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கை தட்டிச் சிரித்தன. கண்டாக்கு ஐயாவை வென்ற கயிறுதான் மெஷினைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நான் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் அவரைக் கேலி செய்ய எனக்கு அது போதுமாக இருந்தது.

கயிறு இழுத்த இழுப்பில் உள்ளே இருந்த பிரேக் கம்பியும் அறுந்திருந்தது. மூடியைத் திறந்தால் தொட்டியை நிறுத்துகிற கம்பி. மூடினால் பிரேக்கை விடுவிப்பதும் அதுதான்; அறுந்தால் பிரேக் தொட்டியை விடவே விடாது. அந்த வகைக்கு இப்போது கம்பி வருவதில்லை. நானா தன் பையில் இருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை எடுத்தார், அளந்து வெட்டினார், நுனியை மடித்து மாட்டினார். துருவைச் சுரண்டினார், கிரீஸ் தடவினார். எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, கடை வாசலில் அடுக்கிய புது மெஷின்களில் ஒன்றை எங்களுக்கு விற்கலாம் என்றுதான் ஆட்டோவில் ஏறும்போது நினைத்ததாகவும், இதைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய கூலியைத் தாய்மார் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆயாக்காவே திருகினார். ஒரு குலுக்கு. பிறகு வேகம். பிறகு அந்தச் சீரான இரைச்சல், தரை முழுக்கப் பரவி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் ஏறியது. வெளியே மழை கொஞ்சமும் குறையவில்லை. மறுநாள் மதியம் தாய்மார் கம்பளியைத் தலையில் போட்டபடி நனைந்து வந்தார்கள். கடைசி லயத்துத் தாய் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்குள் கைவிட்டாள். பிள்ளையின் கீழே இருந்த துணியைத் தொட்டாள். நம்பாமல், அடுக்கில் இருந்து இன்னொன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பால் கொடுத்தாள். பிள்ளையை ஆயாக்காவின் கையில் கொடுத்துவிட்டு, "நான் மலைக்குப் போறேன்க்கா" என்று சொல்லிக் கம்பளியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு முழுப் பேர். ஜன்னல் வழியாக அவள் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆயாக்கா மூக்கை உறிஞ்சினார், புகை என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே சொன்னபடி லொறியோடு கண்டாக்கு ஐயா வந்தார். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். ஓடுகிறதா என்றார். ஓடுதுங்க என்றார் ஆயாக்கா. ஓடுகிற மெஷினைக் கழிக்க முடியாது, கழிக்காமல் புதிது கேட்க முடியாது. அப்படியானால் அடுத்து வருகிற புதிது தோட்டத்தின் மேல் டிவிசன் காம்பராவுக்குப் போகும், பிறகு என்னிடம் வந்து நிற்கக்கூடாது என்றார். புதிது கிடைக்க ஒரே வழியாக இருந்த உறுமலை நாங்களே திருத்தித் தொலைத்துவிட்டோமே என்று அவர் போன பிறகு புலம்பினேன். ஆயாக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அங்கயும் புள்ளைங்கதானே டீச்சர் இருக்கு" என்றார்.

வேலை முடிந்து அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் ஆற்றுக்கு இறங்கினோம். காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்துக்கொண்டுதான் இறங்கினோம், அப்படியும் அட்டை கடித்தது. நானா பிரித்தெடுத்த கயிறுகளை ஆயாக்கா ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எது யாருடையது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே கறுப்பு. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு மழையில் கலங்கி இரைந்து ஓடியது. ஆயாக்கா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நான் கல்லில் நின்று குடை பிடித்தேன், என்றாலும் இருவருமே நனைந்தோம். என் வாழ்க்கையில் மனம் நிறைந்து நின்ற தருணங்கள் என்று யாராவது கேட்டால், அந்த ஈரக் கல்லில் அட்டைக்கடியோடு நின்றதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

பிறகு எனக்கு லிந்துலைப் பக்கம் மாற்றம் வந்தது. அங்கிருந்து ஹட்டன். இப்போது டவுனில் வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர். என் வீட்டில் இருக்கிற மெஷின் தானே தண்ணீர் எடுத்து, தானே துவைத்து, தானே பிழிந்து, முடிந்ததும் ஒரு பாட்டும் பாடும். அதன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் நின்று நான் யாரோடும் சிரித்ததில்லை. ஆயாக்கா ஓய்வு பெற்று லயத்தில் இருக்கிறார். மாதத்தில் ஒருமுறையாவது போன் எடுப்பார், எடுத்தால் லேசில் வைக்கமாட்டார்.

போன வாரம் எடுத்தார். பிள்ளைக்காம்பராவுக்குக் கடைசியில் புது மெஷின் வந்துவிட்டதாம். இப்போது அங்கே வேலை செய்யும் பெண் ஆள் விட்டுக் கூப்பிட்டாளாம், பழசைத் தூக்கப்போகிறார்கள், வந்து பாருங்கள் என்று. இவரும் முழங்கால் வலியோடு ஏறிப் போயிருக்கிறார். போனால், ஸ்டோர் ஆட்கள் பழசைத் தொடவே இல்லை. முதலில் புதிதைப் பெட்டியில் இருந்து எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி, துணி போட்டு, பிழிந்த துணியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, சரியா என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு ஆச்சரியம். ஏன் இப்படி என்று விசாரித்திருக்கிறார். அவர்கள் புது ஆட்கள், இவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கண்டாக்கு ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது ஸ்டோரில் சொல்லிவைத்துவிட்டுப் போனாராம்: பிள்ளைக்காம்பராச் சாமான் என்றால் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுக்கவேண்டும் என்று. மெஷினை எதற்காக அறுக்கவேண்டும் என்று அந்த ஆட்களுக்கு இன்றுவரை விளங்கவில்லையாம்.

பழசு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கழித்துப்போட்ட சாமான்தானே என்று கேட்டு வாங்கி, தன் லயத்து வாசலில் இறக்கிவிட்டாராம். மலையில் இருந்து நனைந்து வருகிற பெண்கள் கம்பளியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம், பிழிந்துகொள்ள. முதலில் வந்தது யார் தெரியுமா என்று கேட்டார். கடைசி லயத்துத் தாய். அவளுடைய மகன் இப்போது அவளைவிட உயரம், அவன்தான் கம்பளியைச் சுமந்து வந்தானாம்.

"சத்தம் கேக்குதா டீச்சர்?" என்று போனை மெஷின் பக்கம் நீட்டியிருக்கவேண்டும். ஒரு குலுக்கு, பிறகு வேகம், பிறகு அந்த இரைச்சல். கேட்கிறது அக்கா என்றேன். போனை யார் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.